குடிநீருக்கு ஓர் எல்லைக்கோடு

முதுமலைக் காட்டின் நடுவே தெப்பக்காடு என்னும் சிற்றூர் இருக்கிறது. கூடலூரிலிருந்து வரும் சாலையும், கல்லட்டி மலைப்பாதையில் இறங்கி மசினகுடி வழியாக வரும் சாலையும் இங்கே ஒன்று கூடி மைசூரை நோக்கிப் போகின்றன. இங்குள்ள யானை முகாம் புகழ் பெற்றது. பாகர்களும் காவடிகளும் யானைகளை மோயாற்றில் இறக்கித் தேய்த்துக் குளிப்பாட்டும் காட்சியைப் பாலத்தின் மீது நின்று பார்ப்பதற்கென்றே பலர் வருகிறார்கள். பாலத்திலிருந்து யானை தெரிகிறது, பாறை தெரிகிறது, மழைக்காலமானால் நீரின் செம்மண் நிறமும் தெரிகிறது. ஆனால் நீரில் கரைந்து வருவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது? நீலகிரியின் மேற்கே முக்குருத்திப் பகுதியில் தோன்றும் பைக்காரா ஆறுதான், மலையிறங்கியபின் மோயாறு என்று பெயர் பெறுகிறது. தெப்பக்காட்டைக் கடந்து, ஆழமான பள்ளத்தாக்கில் ஓடி, பவானிசாகர் அணையில் பவானியுடன் கலக்கிறது. பிறகு சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம் வழியாகச் சென்று பவானி நகரில் காவிரியில் சேர்கிறது. காவிரியின் நீரோ கொள்ளிடம், வீராணம் ஏரி வழியாக 2004-ஆம் ஆண்டு முதல் சென்னைக்கும் குழாயில் போகிறது. ஆக, ஒரு மலைச்சரிவில் விழுந்த மழைத்துளி, யார் யார் வீட்டுக் குடத்தில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

அந்தச் சரிவில் காடும் புல்வெளியும் மட்டும் இருந்தால் கவலை குறைவு. நீலகிரியின் சரிவுகளில் தேயிலைத் தோட்டங்களும், உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் விளையும் நிலங்களும் இருக்கின்றன. பயிர் இருக்கும் இடத்தில் பூச்சி இருக்கும். பூச்சி இருக்கும் இடத்தில் மருந்து இருக்கும். இப்படிச் சொன்னதால் மோயாற்று நீர் நஞ்சாகிவிட்டது என்று பொருளில்லை. ‘நஞ்சு இல்லை’ என்பதை எப்படி அறிவது? எவ்வளவு இருந்தால் ஆபத்து? அந்த அளவை யார் முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கே இக்கட்டுரையில் விடை காண்போம்.

சரிவில் தொடங்கும் பயணம்

1961-ல் ஜோன்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி நீலகிரி உருளைக்கிழங்கு வேர்களில் கடுகைவிடச் சிறிய உருண்டைகளைக் கண்டார். அவை தங்க நூற்புழு என்னும் நுண்புழுவின் முட்டைக்கூடுகள். ஒரு கூட்டில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். பயிர் இல்லாவிட்டாலும் அவை பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். இந்தப் புழு பிற மாநிலங்களுக்குப் பரவாமலிருக்க, நீலகிரி விதைக்கிழங்கை வெளியே கொண்டு செல்லவே பின்னர் தடை போடப்பட்டது. புழுவைக் கொல்ல மண்ணில் குருணை மருந்துகள் இடப்பட்டன. கார்போபியூரான் அவற்றுள் ஒன்று.

மண்ணில் இட்ட மருந்து இரண்டு வழிகளில் நீரை அடையலாம். டி.டி.டி. போன்றவை நீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. அவை மண்துகளைப் பற்றிக்கொள்ளும். மழை மண்ணை அரித்துச் செல்லும்போது, மண்ணோடு சேர்ந்து ஓடைக்குப் போகும். கார்போபியூரான் போன்றவை நன்றாகக் கரையும். ஒரு லிட்டர் நீரில் 300 மில்லிகிராமுக்கு மேல் கரையக்கூடியது அது. இத்தகைய மருந்து மண்ணுக்குள் இறங்கும் நீருடன் சேர்ந்து கீழே போய் ஊற்றிலும் கிணற்றிலும் தலைகாட்டும். ஆகவே, ஓடும் நீர் கலங்கலாக இருந்தால் ஒருவகை ஐயம். தெளிவாக இருந்தால் இன்னொருவகை ஐயம். தெளிந்த நீர் தூய நீர் என்பது இங்கே செல்லாது.

நூற்புழுவுக்காக இட்ட மருந்து குடிநீரில் வந்து சேர்ந்த வரலாறு ஒன்று உண்டு. அது நடந்தது அமெரிக்காவில், நியூயார்க் நகரை அடுத்த லாங் ஐலண்டு தீவில். அங்கும் உருளைக்கிழங்கு, அங்கும் தங்க நூற்புழு, போதாக்குறைக்கு ஒரு வண்டு. 1970-களில் ஆல்டிகார்ப் என்னும் குருணை மருந்தை மண்ணில் இட்டார்கள். அது நிலத்தடி நீர்வரை போகாமல் சிதைந்துவிடும் என்று எண்ணியிருந்தார்கள். ஆனால் அங்குள்ளது மணற்பாங்கான மண். 1979-ல் கிணறுகளைச் சோதித்தபோது ஆல்டிகார்ப் கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகளில், லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் என்று அங்கு வகுத்திருந்த அளவையும் அது தாண்டியிருந்தது. 1980-ல் அத்தீவில் அம்மருந்தின் விற்பனை நின்றது. விற்பனை நின்றதும் நீர் சரியாகிவிடவில்லை. வீடுகளில் கரி வடிகட்டிகள் பொருத்த வேண்டியதாயிற்று.

கொதிக்க வைத்தால் போதாதா?

போதாது. கொதிக்க வைத்தால் காலரா, டைபாய்டு கிருமிகள் சாகும். ஆனால் வேதிப்பொருளுக்கு உயிர் இல்லையே, சாவதற்கு! எளிதில் ஆவியாகாத மருந்து நீரில் இருக்குமானால், கொதிக்கக் கொதிக்க நீர்தான் ஆவியாகிக் குறையும். மருந்து பானையிலேயே தங்கிச் செறிவு கூடும். குளோரின் கலப்பதும் கிருமிகளுக்காகவே. மணல் வடிகட்டி, மண்ணோடு ஒட்டி வந்ததைப் பிடிக்கும். கரைந்து வந்ததை விட்டுவிடும். கரைந்திருக்கும் பூச்சிகொல்லி பலவற்றைப் பிடிக்கக் கூடியது கிளர்வூட்டப்பட்ட கரி. ஆனால் ஊர் முழுவதற்கும் அதை அமைப்பதும், கரியை அவ்வப்போது மாற்றுவதும் செலவு மிகுந்த வேலை.

முகர்ந்தோ சுவைத்தோ இதை அறிய முடியாது. கிராமங்களில் குடிநீரைச் சோதிக்கக் கொடுக்கப்படும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். கலங்கல், கடினத்தன்மை, குளோரைடு, புளோரைடு, இரும்பு, நைட்ரேட் ஆகியவற்றை அது காட்டும். பூச்சிகொல்லியைக் காட்டாது. அதற்கு வாயு நிறப்பிரிகை போன்ற நுட்பக் கருவிகள் கொண்ட ஆய்வுக்கூடம் வேண்டும். ஏன்? நாம் தேடும் அளவு அவ்வளவு சிறியது.

நூறு கோடியில் ஒரு பங்கு

ஒரு கிராமை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு மில்லிகிராம். மில்லிகிராமை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு மைக்ரோகிராம். ஒரு லிட்டர் நீரின் எடை 1,000 கிராம். ஆகவே லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்றால், 100 கோடியில் ஒரு பங்கு.

இதை ஊர்க் கணக்கில் பார்ப்போம். உங்கள் ஊரின் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தர அமைவனம் 2012-ல் வெளியிட்ட குடிநீர்த் தரத்தில் டி.டி.டி.க்கு விதித்த எல்லை, லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அப்படியானால் தொட்டி முழுவதிலும் சேர்த்து 30,000 மைக்ரோகிராம், அதாவது 0.03 கிராம் வரை இருக்கலாம். ஒரு கிராம் டி.டி.டி. கலந்தால் அத்தகைய 33 தொட்டிகளின் நீர் எல்லைக்கோட்டைத் தொட்டுவிடும்!

எல்லைக்கோடு எப்படிப் பிறக்கிறது?

இந்த ‘1 மைக்ரோகிராம்’ எங்கிருந்து வந்தது? உலகச் சுகாதார நிறுவனமும் இதே எண்ணைத்தான் தருகிறது. அதன் கணக்கைப் படிப்படியாகப் பார்ப்போம். உங்களுக்குத் தெரிந்த பெருக்கலும் வகுத்தலும் போதும்.

முதல் படி: எலிகளுக்கு நாள்தோறும் டி.டி.டி. கொடுத்து ஆராய்ந்தார்கள். எலியின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் வரை கெடுதல் ஏதும் தென்படவில்லை.

இரண்டாம் படி: மனிதன் எலி அல்லன், எலியைவிட அவன் பாதிப்புக்கு எளிதில் ஆளாகக் கூடும் என்று 10-ஆல் வகுத்தார்கள். மனிதர்களிலும் நோயாளி, கருவுற்ற தாய், முதியவர் என்று வேறுபாடு உண்டு. அதற்காக மீண்டும் 10-ஆல் வகுத்தார்கள். ஆக 100-ஆல் வகுக்க, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்.

மூன்றாம் படி: யாருடைய எடையைக் கொள்வது? 10 கிலோ எடையுள்ள குழந்தையைக் கொண்டார்கள். 10 × 0.01 = 0.1 மில்லிகிராம். ஒரு நாளில் அக்குழந்தையின் உடலுக்குள் எல்லா வழிகளிலும் சேர்ந்து போகலாம் என்று ஏற்ற அளவு இது.

நான்காம் படி: டி.டி.டி. பெரும்பாலும் உணவின் மூலமே உடலில் சேர்கிறது. எனவே நீருக்கு ஒதுக்கியது நூற்றில் ஒரு பங்குதான். 0.1-ல் நூற்றில் ஒன்று 0.001 மில்லிகிராம். குழந்தை நாளொன்றுக்கு ஒரு லிட்டர் நீர் குடிக்கும் என்று கொண்டால், லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். அதாவது 1 மைக்ரோகிராம்.

இந்தக் கணக்கில் எது அறிவியல், எது மனிதர் செய்த முடிவு? எலியைப் பற்றியது ஆய்வுக்கூடத்தில் கண்டது. 100-ஆல் வகுத்தது ஒரு முன்னெச்சரிக்கை. குழந்தையை எடுத்துக்கொண்டது ஒரு முடிவு. குழந்தைக்குப் பதில் 60 கிலோ எடையுள்ள, நாளுக்கு 2 லிட்டர் குடிக்கும் பெரியவரை எடுத்திருந்தால் விடை என்ன வரும்? 60 × 0.01 = 0.6, அதில் நூற்றில் ஒன்று 0.006; இரண்டு லிட்டருக்குப் பங்கிட்டால் 0.003. அதாவது லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். எல்லை மூன்று மடங்கு தளர்ந்துவிடும். தன் எடைக்குப் பெரியவரைவிட அதிகம் குடிப்பது குழந்தைதான். அதனால் குழந்தையைக் காக்கும் கோடு எல்லாரையும் காக்கும்.

எனவே எல்லைக்கோடு என்பது இயற்கை வரைந்து வைத்த கோடு அன்று. அறிந்ததைக் கொண்டு, யாரைக் காக்க வேண்டும் என்று முடிவு செய்து, மனிதர் வரைந்த கோடு. புதியது தெரியவந்தால் கோடு மாற வேண்டும்.

ஒரே நாட்டில் இரண்டு அளவுகோல்கள்

ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பு 1980-ல் வேறொரு வழியைத் தேர்ந்தது. ஒவ்வொரு பூச்சிகொல்லிக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடவில்லை. ‘குடிநீரில் பூச்சிகொல்லிக்கு இடமே இல்லை’ என்பதுதான் அதன் கொள்கை. ஆனால் பூச்சியம் என்பதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. ஆகவே பூச்சியத்துக்கு மிக அருகில் ஒரு கோடு போட்டது: எந்தப் பூச்சிகொல்லியானாலும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், எல்லாம் சேர்ந்து 0.5 மைக்ரோகிராம்.

இந்தக் கோடு இந்தியாவுக்கு வந்த கதை சுவையானது. புட்டிகளில் விற்கும் குடிநீரில் பூச்சிகொல்லி ‘கண்டறிய முடியாத அளவில்’ இருக்க வேண்டும் என்பது முன்பு இங்கிருந்த விதி. கேட்பதற்குக் கடுமையாக இருக்கிறதல்லவா? ஆனால் கண்டறிய முடியுமா என்பது கருவியைப் பொறுத்தது. மங்கலான கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால் எதுவும் கண்ணில் படாது! 2003 பிப்ரவரியில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், டெல்லியிலும் மும்பையிலும் வாங்கிய புட்டி நீரை நுட்பமான கருவியால் ஆராய்ந்து, லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் முதலியவை இருப்பதாக வெளியிட்டது. நாடே பரபரப்படைந்தது. 2004 ஜனவரி 1 முதல் புட்டி நீருக்கு 0.1, 0.5 என்ற ஐரோப்பிய எல்லைகள் நடைமுறைக்கு வந்தன.

குழாய் நீருக்கோ 2012-ஆம் ஆண்டுத் தரம் வேறு வழியில் போயிற்று. ஒவ்வொரு பூச்சிகொல்லியின் நச்சுத்தன்மைக்கு ஏற்ப ஒவ்வோர் எல்லை. ஆல்டிரினுக்கு 0.03, எண்டோசல்பானுக்கு 0.4, டி.டி.டி.க்கு 1, மாலத்தியானுக்கு 190 மைக்ரோகிராம். புட்டிக்குள் இருந்தால் மாலத்தியானுக்கு எல்லை 0.1, குழாயில் வந்தால் 190. அதாவது 1,900 மடங்கு! மாலத்தியானின் நச்சுத்தன்மை குறைவு என்பது இதற்குச் சொல்லும் காரணம். அது தவறான காரணமும் அன்று. ஆனாலும் காசு கொடுத்து வாங்கும் நீருக்கு ஒரு கோலும், குழாயடியில் குடத்தில் பிடிக்கும் நீருக்கு இன்னொரு கோலும் ஏன் என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

நீலகிரியில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. நெகிழிக் குப்பையைத் தடுக்க 2019-ல் இம்மாவட்டத்தில் நெகிழிப் புட்டி நீர் விற்பனைக்குத் தடை வந்தது. பதிலாகச் சாலையோரங்களில் ‘வாட்டர் ஏ.டி.எம்.’ பொறிகள் வைக்கப்பட்டன. காட்டுக்கும் யானைக்கும் அது நல்லது. ஆனால் இங்கே பொது நீரே எல்லாருடைய நீரும். ஆகவே பொது நீரின் எல்லைக்கோடு இன்னும் உறுதியாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2012-ஆம் ஆண்டுப் பட்டியலில் உள்ள பூச்சிகொல்லிப் பெயர்கள் 18. நம் நாட்டில் விற்பனைக்குப் பதிவான பூச்சிகொல்லிகளோ ஏறத்தாழ 300. உருளைக்கிழங்கு வயலுக்கு இட்ட கார்போபியூரானின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் என்று வழிகாட்டியிருக்கிறது. பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் ஆய்வுக்கூடம் அதைத் தேடாது. தேடாவிட்டால் அது ‘இல்லை’ என்றே ஆகிவிடும்.

பூச்சிகொல்லி மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். ஒட்டாத சமையல் பாத்திரம், தீயணைக்கும் நுரை முதலியவற்றில் பயன்பட்டுவந்த சில புளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதே இல்லை. 2024 ஏப்ரலில் அமெரிக்கா இவற்றுள் இரண்டுக்கு, குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராம் என்று எல்லை வகுத்தது. நானோகிராம் என்பது மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நமது 2012-ஆம் ஆண்டுத் தரத்தில் இச்சேர்மங்களுக்கு எல்லை கூறப்படவில்லை.

காசர்கோடு தந்த பாடம்

அளக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு, இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குப் பக்கம் ஒரு சான்று உண்டு. கேரளத்தின் வடகோடி மாவட்டம் காசர்கோடு. அங்கே குன்றுகளின் மேல் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகள்; சரிவுகளில் மக்களின் வீடுகள். அம்மக்களில் பலர் குடிப்பது சுரங்கத்து நீர். சுரங்கம் என்றால், செம்புரைக்கல் குன்றின் பக்கவாட்டில் குடைந்து சென்று ஊற்றைக் கண்டடையும் பழைய முறைக் கிணறு. குன்றின் மேல் விழுவதெல்லாம் ஊறி இறங்கிச் சுரங்கத்துக்குத்தானே வரும்?

1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரை அத்தோப்புகளில் தேயிலைக் கொசுவைக் கொல்ல ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். அது திருட்டு மருந்து அன்று. முறைப்படி பதிவாகி விற்பனையில் இருந்த மருந்து. பிறவிக் குறைகளும் நரம்பு நோய்களும் ஒரே பகுதியில் மிகுந்திருப்பதை உள்ளூர் மருத்துவர்களும் பத்திரிகையாளர்களும் சுட்டிக்காட்டி வந்தார்கள். ஆயினும் அங்குள்ள நீரும் இரத்தமும் பரவலாக ஆய்வுக்கூடத்துக்குப் போனது 2001-ல்தான். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான ஆண்பிள்ளைகளை, அதாவது உங்கள் வயதினரை, ஆராய்ந்தது. வான்வழித் தெளிப்பு நின்று பத்து மாதங்கள் ஆன பிறகும், அவர்கள் இரத்தத்தில் எண்டோசல்பான் எச்சம் மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிட அதிகமாக இருந்தது. அவர்களது பருவ வளர்ச்சி தாமதப்படுவதாகவும் அவ்வாய்வு கூறியது.

எந்த நோய் எவ்வளவு தூரம் எண்டோசல்பானால் வந்தது என்பதில் விஞ்ஞானிகளிடையே வாதம் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் முறையாக அளக்காததே அந்த வாதம் தீராமைக்கு ஒரு காரணம். 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் எண்டோசல்பானை உலகளவில் ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தன. 2011 மே 13 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் நாடெங்கும் நிறுத்தியது. கேரள அரசின் பட்டியலில் பாதிக்கப்பட்டோர் ஆறாயிரத்துக்கும் மேல். அவர்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வீதம் வழங்குமாறு 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஐந்து லட்சத்தால் ஒரு குழந்தையின் நடையைத் திருப்பித் தர முடியுமா?

காவலை எங்கே வைப்பது?

குழாயில் அளப்பது கடைசிக் காவல். அதற்கு முன்பே இரண்டு இடங்களில் காவல் வைக்கலாம்.

ஒன்று, கடை. 1958-ல் கேரளத்தில், பாரத்தியான் என்னும் பூச்சிகொல்லி படிந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தத் துயரம் நாட்டை விழிக்கச் செய்தது. 1968-ல் பூச்சிகொல்லிச் சட்டம் வந்தது. பதிவு பெறாத மருந்தை விற்கக் கூடாது என்ற நிலை ஏற்பட்டது. பதிவு பெற்றவற்றையும் பின்னர் விலக்கலாம். 1989-ல் டி.டி.டி. பயிர்த்தொழிலிலிருந்து விலக்கப்பட்டது, கொசு ஒழிப்புக்கு மட்டும் விட்டுவைக்கப்பட்டது. தேயிலையின் செஞ்சிலந்திக்கு அடித்துவந்த டைக்கோபால், டி.டி.டி.யிலிருந்து செய்யப்பட்ட மருந்தே. அதற்கு 2023-ல் தடை வந்தது.

மற்றொன்று, வயல். மருந்தே தேவைப்படாமல் செய்துவிட்டால் அதைவிடச் சிறந்த காவல் வேறில்லை. உதகைக்கு அருகே முத்தோரையிலுள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியில் உருவான குப்ரி சுவர்ணா என்னும் ரகம் 1985-ல் வெளியிடப்பட்டது. தங்க நூற்புழுவை எதிர்த்து நிற்கும் ரகம் அது. கிழங்கை அடுத்து முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் என்று பயிரை மாற்றினாலும் புழு பட்டினி கிடந்து குறையும். ஒரு மூட்டை குருணை மருந்து வாங்காமல் விட்டால், பல கோடி லிட்டர் நீரை வடிகட்டும் செலவு மிச்சம்.

தேயிலை இன்னொரு பாடத்தைக் கற்றுத் தருகிறது. வெளிநாட்டார் நம் தேயிலையில் மருந்து எச்சத்தை அளந்து, மிகுந்திருந்தால் வாங்க மறுத்தார்கள். விளைவு, எந்த மருந்தை அடிக்கலாம் என்று பட்டியலிடும் பயிர்ப் பாதுகாப்பு நெறியைத் தேயிலை வாரியம் 2014-ல் கொண்டு வந்தது. வாங்குபவர் அளந்தார், தோட்டம் மாறியது. புட்டி நீரிலும் அதுவே நடந்தது. ஒருவர் அளந்தார், விதி மாறியது. அளக்கும் இடத்தில்தான் கட்டுப்பாட்டுக்கு உயிர் வருகிறது. கோப்பையில் உள்ள தேநீரை அளக்கும் அக்கறை, அதே சரிவிலிருந்து இறங்கி வரும் ஓடை நீரையும் அளக்க வேண்டாமா?

மீண்டும் தெப்பக்காட்டுப் பாலத்துக்கு வருவோம். கீழே யானை தும்பிக்கையால் நீரை உறிஞ்சுகிறது. அதற்கு எல்லைக்கோடு தெரியாது. பவானிசாகருக்கு அப்பால் குடத்தோடு நிற்பவருக்கும் மலைமேல் என்ன தெளித்தார்கள் என்பது தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடியவர்கள் நாம்தாம்.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் ஊர்க் குடிநீர் எந்த ஆற்றிலிருந்து, ஏரியிலிருந்து அல்லது கிணற்றிலிருந்து வருகிறது என்று கேட்டறியுங்கள். அதற்கு மேற்புறம் என்னென்ன பயிர்கள், ஆலைகள் இருக்கின்றன? ஒரு படம் வரையுங்கள்.

2. அப்பயிர்களுக்கு அடிக்கும் மருந்துகளின் பெயரை உழவர்களிடம் கேட்டு எழுதுங்கள். காலிப் புட்டியையோ பையையோ கையால் தொட வேண்டாம். அந்த வேதிப்பொருள்களுக்குக் குடிநீர்த் தரத்தில் எல்லை உண்டா என்று ஆசிரியரின் உதவியோடு பாருங்கள்.

3. மார்ச் 22 உலக நீர் நாளன்று தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. பெரியவர்களுடன் சென்று மூன்று கேள்விகள் கேளுங்கள்: நம் நீரைக் கடைசியாக எப்போது ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள்? எந்தெந்தப் பொருள்களுக்காகச் சோதித்தார்கள்? பூச்சிகொல்லி அவற்றில் உண்டா?

4. எண்டோசல்பானுக்கு எல்லை லிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம். 30,000 லிட்டர் தொட்டியில் எத்தனை மில்லிகிராம் வரை இருக்கலாம்? (விடை: 12 மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் எடைகூட இதைவிட அதிகம்!)